சித்திரகாரப்புலி: படம் ஒன்றும் மிஞ்சாத ஓவிய மன்னர்

குவீன்ஸ்டவுன் பேட்டையில் சீனர் வீட்டுக்கு அடுத்த கதவு தமிழர் வீடாக இருப்பது சாதாரணம். வரலாற்றில் ஆர்வமுள்ள சீன அண்டைவீட்டார் ஒருவரிடம், ஓவியப் பித்துப் பிடித்த அரசர் யார் என்று கேட்டால் சுங் வம்சத்துப் பேரரசர் ஹுய்சோங் பெயர் வரும். 1100ஆம் ஆண்டு அரியணை ஏறியவர். பூவும் பறவையும் வரைவதில் வல்லவர். மெலிந்து நீண்ட ஓர் எழுத்துப் பாணியையே தமக்கென உருவாக்கினார். கவிதை வரியைக் கொடுத்து அதைப் படமாக்கச் சொல்லி ஓவியர்களுக்குத் தேர்வு வைத்தார். 1127ல் ஜின் படைகள் தலைநகர் கைஃபெங்கைப் பிடித்து அவரையும் கொண்டுபோயின. 1135ல் கைதியாகவே இறந்தார்.

படம் வரைந்துகொண்டிருந்ததால் நாட்டைப் பறிகொடுத்தவர் என்று அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். படம் வரைவது சோறு போடுமா என்று பிள்ளைகளைக் கேட்கும் நம் வீடுகளுக்கும் வசதியான கதைதான் அது.

ஆனால், அவருக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சிபுரத்தில் ஒரு மன்னர் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்களில் ஒன்று சித்திரகாரப்புலி. ஓவியர்களுக்குள் புலி என்று பொருள். அவர்தான் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவர்.

சிம்மவிஷ்ணுவின் மகன், மாமல்லபுரத்துக்குத் தம் பட்டப்பெயரைத் தந்த நரசிம்மவர்மனின் தந்தை. சுமார் 600 முதல் 630 வரை ஆண்டார். நம்மில் பலருக்கு அவரை அறிமுகம் செய்தது கல்கியின் சிவகாமியின் சபதம் நாவல். கதையில் வரும் மகேந்திரரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கல்லில் இருப்பவரைப் பார்க்கலாம்.

பட்டங்கள் மீது அவருக்குத் தனி ஆசை இருந்திருக்க வேண்டும். விசித்திரசித்தர், குணபரர், மத்தவிலாசர், லளிதாங்குரர், சத்ருமல்லர், அவனிபாஜனர் என்று குகைக்குக் குகை பொறித்து வைத்திருக்கிறார். சேத்தகாரி என்றும் ஒன்று உண்டு, கோயில் எழுப்புபவர் என்ற பொருளில். அரசர் எவரும் வீரன், வெற்றியாளன் என்று புகழ்ந்துகொள்வது இயல்பு. வித்தியாசமான மனம் கொண்டவன், ஓவியன், கேளிக்கையில் மயங்கியவன் என்றெல்லாம் தம்மை அழைத்துக்கொண்டவர் அபூர்வம்.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் அவர் குடைந்த கோயிலின் கல்வெட்டு, கட்டடக் கலை வரலாற்றில் முக்கியமானது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தர் அமைத்த கோயில் இது என்கிறது அதன் செய்தி. அதில் ஒரு பெருமிதம் தெரிகிறது. அதுவரை பல்லவ நாட்டில் கோயில் என்றால் மரமும் செங்கல்லும்தான். மரம் உளுத்தால், செங்கல் சரிந்தால் மீண்டும் கட்ட வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். குவீன்ஸ்வேயில் இருந்த ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் காமன்வெல்த் டிரைவுக்கு இடம்பெயர்ந்தது. தங்ளின் ஹால்ட்டின் பழைய பத்து மாடி புளோக்குகளுக்கும் காலம் முடிந்தது. கட்டியது நிற்காது என்று தெரிந்து வாழ்பவர்கள் நாம். மகேந்திரர் அதற்குக் கண்ட மருந்து பாறை. தளவானூர், சீயமங்கலம், மகேந்திரவாடி, திருச்சி மலைக்கோட்டையின் மேல் குகை எனப் பல இடங்களில் மலையைக் குடையச் செய்தார். தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. அதிக அலங்காரம் இல்லை. பிற்காலச் சோழர் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை வெறுமையாகத் தோன்றலாம். எனக்கு அந்த வெறுமைதான் பிடிக்கிறது.

எழுத்திலும் கைவைத்தார். மத்தவிலாசப் பிரகசனம் என்பது அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம். களம் அவரது தலைநகரம் காஞ்சியேதான். சத்தியசோமன் என்ற காபாலிகத் துறவி, துணைவி தேவசோமையுடன் குடித்துவிட்டுத் தெருவில் திரிகிறார். கையில் இருந்த கபால ஓட்டைக் காணவில்லை. அதில் வறுத்த இறைச்சி இருந்ததால் எடுத்தது நாயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறார்! வழியில் வந்த பிக்கு நாகசேனரைப் பிடித்துச் சண்டை. பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார். கடைசியில் ஒரு பித்தன், நாயிடமிருந்து பறித்த ஓட்டுடன் வந்து சேர்கிறான்.

சமயப் பூசல் கடுமையாக இருந்த காலம் அது. பெரியபுராணம் சொல்லும் அப்பர் வரலாற்றில், அவரை நீற்றறையில் அடைத்து, கல்லில் கட்டிக் கடலில் தள்ளச் செய்து, பிறகு சைவத்துக்கு மாறும் பல்லவ மன்னர் மகேந்திரர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. வேறு வழியிலிருந்து திரும்பி லிங்கத்தைப் பற்றியதாகத் திருச்சிக் கல்வெட்டிலும் குறிப்பு வருகிறது. அந்தக் கொடுமைக்காரரும் துறவிகளின் பாசாங்கைப் பார்த்துச் சிரிக்கும் இந்த நாடகாசிரியரும் ஒரே ஆள் என்றால், அந்த மனிதரை ஒரே பட்டத்தில் அடக்க முடியாதுதான்.

போருக்கு வருவோம். வாதாபிச் சாளுக்கியர் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தார். 634ல் எழுதப்பட்ட ஐஹொளெ கல்வெட்டு, சாளுக்கியப் படை எழுப்பிய தூசியில் ஒளி மங்கிய பல்லவ மன்னர் காஞ்சி மதிலுக்குள் மறைந்ததாகக் கேலி செய்கிறது. பல்லவர் தரப்பின் காசாக்குடிச் செப்பேடோ, புள்ளலூரில் எதிரிகளை மகேந்திரர் வென்றதாகச் சொல்கிறது. இரண்டையும் அவரவர் அரண்மனை ஆட்களே எழுதினார்கள். தெளிவாகத் தெரிவது, வடக்கே வேங்கி நாடு சாளுக்கியர் வசமானது, காஞ்சி வீழவில்லை. 642ல் மகன் நரசிம்மவர்மன் வாதாபியையே பிடித்தார். ஹுய்சோங்கின் கதையை இவர் மேல் ஏற்றினால் பொருந்தாது.

ஆனால் இன்னொரு கணக்கில் சீனப் பேரரசர்தான் கொடுத்துவைத்தவர். நாட்டை இழந்தாலும் அவர் பெயர் தாங்கிய படங்கள் இருக்கின்றன. 1112ல் அரண்மனைக் கூரை மேல் பறந்த கொக்குகளை வரைந்த பட்டுச்சுருள் சீனாவின் லியாவ்னிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியப் புலியின் கை பட்டது என்று உறுதியாகக் காட்ட நம்மிடம் ஒரு கோடுகூட இல்லை. சித்தன்னவாசலின் தாமரைக்குள ஓவியத்தை ஒரு காலத்தில் அவருடையது என்றார்கள். பின்னர் அங்கே கிடைத்த கல்வெட்டை வைத்து, பாண்டியர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை இளங்கௌதமன் செய்த பணி என்று கொண்டார்கள். குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் அவருடையதுதானா என்ற விவாதம் ஓயவில்லை. காஞ்சிக்கு அருகே மாமண்டூர்க் கல்வெட்டில் தட்சிணசித்திரம் என்ற ஓவிய நூலைப் பற்றிய குறிப்பு இருப்பதாக அறிஞர்கள் படிக்கிறார்கள். அந்தக் கல்வெட்டு சிதைந்துபோனது. நூல் கிடைக்கவே இல்லை.

வண்ணம் போய்விட்டது, சிரிப்பு பிழைத்தது. மத்தவிலாசத்தைக் கேரளத்தின் கூடியாட்டக் கலைஞர்கள் கோயில்களில் நடித்துக் காத்து வந்தார்கள். 1917ல் கணபதி சாஸ்திரி அதைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்த பிறகே வெளியுலகம் அறிந்தது.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் அவருடைய ஒரு குகைக்கு மிக அருகில்தான் தரையிறங்குகிறார்கள். விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரத்தில் ஒரு குன்றைக் குடைந்திருக்கிறார். அங்கே அவருடைய பட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. இன்று அது ஒரு தர்கா.