பென்னிகுயிக் கட்டிய அணையும் 999 ஆண்டு அனுமதியும்

ரெங்கம், ஜன. 15 – தேனி மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கல் என்றால் ஒரு வெள்ளைக்காரரின் படத்துக்கும் மாலை விழும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக் பிறந்தது ஜனவரி 15-ஆம் நாள். மதுரை, தேனி, இராமநாதபுரம் பக்கமிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பங்களுக்கும் அவர் பெயர் புதிதல்ல.

காட்டிலும் வெள்ளத்திலும் போராடி அவர் அணை கட்டிய கதை பலருக்கும் தெரியும். அதற்கு முன் ஆற்று நீரை எடுக்க அனுமதி வாங்கிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆற்று நீரை நம்பி வாழும் ஜொகூர் மக்களும் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது.

போர்க்களத்தில் தந்தையை இழந்த பிள்ளை

பென்னிகுயிக் 1841-இல் பூனாவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயப் படையின் உயர் அதிகாரி. 1849 ஜனவரி 13-இல் பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் உயிரிழந்தனர். ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள்தான் இருந்தது.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாமிலும் பிறகு அடிஸ்கம் இராணுவக் கல்லூரியிலும் படித்தார். 1860-இல் பொறியாளராக இந்தியா வந்து மதராஸ் மாநிலப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். 1868-இல் அபிசீனியப் படையெடுப்பிலும் பங்கேற்றார்.

வீணாகக் கடலுக்குப் போன ஆறு

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, மேற்கே ஓடி அரபிக் கடலில் சேர்வது. மலைக்குக் கிழக்கே இருந்த மதுரை, இராமநாதபுரம் சீமைகளோ வானம் பார்த்த பூமி. ஆற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தில் எழுந்தது. 1808-இல் இடத்தை ஆராய்ந்த ஆங்கிலேய அதிகாரி, இது நடக்காத காரியம் என்று ஒதுக்கிவிட்டார்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. 1882-இல் அதைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. அணை கட்டி நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் அதிக நீளமுள்ள சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் இறக்குவது அவர் திட்டம். 1884-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் ஒரு கல்லைக்கூட உடனே வைக்க முடியவில்லை. ஆறு திருவிதாங்கூர் மன்னருடையது.

கையெழுத்துக்குப் பிறகே கடைக்கால்

பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 1886 அக்டோபர் 29-இல் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டுக் காலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்ற அந்தத் தொகை, திருவிதாங்கூர் ஆங்கிலேயருக்குச் செலுத்தி வந்த கப்பத்தில் கழிக்கப்பட்டது.

அதன் பிறகே, 1887-இல் வேலை தொடங்கியது. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய அணையின் பகுதிகளை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினார்கள். மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போயின. அவர்களில் சிலரின் கல்லறைகள் இன்றும் அணைக்கு அருகில் இருக்கின்றன. 1895 அக்டோபர் 10-இல் மதராஸ் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். வறண்ட நிலத்தில் நெல் விளைந்தது.

ஒப்பந்தத்தில் இல்லாத அளவு

அணை உறுதியாக நின்றது. அனுமதிதான் பிற்காலத்தில் ஆட்டம் கண்டது. அந்த ஒப்பந்தம் நிலத்துக்கு வாடகை வைத்தது; எடுக்கும் நீருக்கு உச்ச அளவு வைக்கவில்லை. எதற்குப் பயன்படுத்தலாம் என்பதிலும் வழக்கு வந்தது. பாசனத்துக்கு வாங்கிய நீரில் மின்சாரம் எடுக்கக் கூடாது என 1941-இல் தீர்ப்பானது. 1970-இல் புதுப்பித்த உடன்பாட்டில் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயானது. மின்சாரம் எடுக்கவும் இசைவு கிடைத்தது.

1979-இல் பாதுகாப்பு அச்சத்தால் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. தமிழகமும் கேரளமும் நீண்ட காலம் வழக்காடின. 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்து, கண்காணிக்க மூவர் குழு ஒன்றையும் அமைத்தது. 1886-லேயே இரு தரப்பும் சேர்ந்து கண்காணிக்க ஒரு வழி வகுத்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

ஜொகூரில் என்ன நிலை?

நம் மாநிலத்திலும் இப்படி ஓர் ஆற்று ஒப்பந்தம் உண்டு. 1962-இல் கையெழுத்தான அதன்படி, சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென்; காலம் 2061 வரை. விலை பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் எடுக்கும் அளவுக்கும் காலத்துக்கும் எல்லை எழுத்தில் இருக்கிறது. உள்ளூரில் ஆற்று நீர் எடுப்பதை பகாஜ் எனப்படும் ஜொகூர் நீர் ஒழுங்குமுறை வாரியம் கவனிக்கிறது.

அளவு மட்டும் போதாது என்பதை சிம்பாங் ரெங்கம் மக்கள் பட்டு அறிந்தவர்கள். பெனுட் ஆற்றில் அம்மோனியா கலந்து குழாய்த் தண்ணீர் நின்றபோது, வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அலைச்சல் இன்னும் மறக்கவில்லை. ஆற்றிலிருந்து எடுப்பதைக் கண்காணிப்பது போலவே ஆற்றில் கலப்பதையும் கண்காணிக்க வேண்டும்.

இறுதிக் காலம்

அணை திறந்த மறு ஆண்டு பென்னிகுயிக் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரித் தலைவரானார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளம் பற்றியும் ஆலோசனை வழங்கினார். 1911 மார்ச் 9-இல் கேம்பர்லி நகரில் காலமானார். தமிழக அரசு லோயர் கேம்பில் அவருக்கு எழுப்பிய மணிமண்டபம் 2013-இல் திறக்கப்பட்டது.

அவர் அணைக்காக வாங்கிய குத்தகை முடிய 2885 ஆக வேண்டும். அதுவரை அந்த நீரை அளப்பவர்களும் காவல் காப்பவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தேவைப்படுவார்கள்.