பாதி ஃபிலிமில் முழுப் படம் எடுத்தவர்!



போன செமஸ்டர் லீவில் மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. தூசிக்கு நடுவே ஒரு பழைய வி.சி.ஆர்., பக்கத்தில் ஒரே ஒரு கேசட். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' என்று அதன் முதுகில் பேனாவால் எழுதியிருந்தது. நம்ம எலக்ட்ரானிக்ஸ் நண்பன் ஒருவன் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அறுந்த பெல்ட்டை மாற்றிக் கொடுத்தான். மிஷின் ஓடிடுச்சு!

படத்தின் கடைசியில் ஒரு பெரிய கல்லறைத் தோட்டம். நடுவில் வட்டமான வெட்டவெளி. மூன்று பேர் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கிறார்கள் என்று கதை சொல்கிறது. ஆனால் டி.வி.யில் மூணு பேரும் சேர்ந்து தெரியவே இல்லை. ஒருத்தன் தெரிஞ்சா இன்னொருத்தன் காணோம்! படம் இடமும் வலமுமாக நகர்ந்து ஆளைத் தேடிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து அதே படத்தை ஹாஸ்டல் அறையில் டி.வி.டி.யில் பார்த்தோம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் நீளமான படம். மூன்று பேரும் ஒரே சட்டத்துக்குள் நின்றார்கள். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, நான் முதலில் பார்த்தது படமே இல்லை, படத்தில் பாதி!

அந்தப் படத்தை எடுத்த மனிதர் செர்ஜியோ லியோனி. அவருடைய வாழ்க்கையும் இதே மாதிரிதான். அவர் முழுசாகக் கொடுத்ததை மற்றவர்கள் வெட்டினார்கள். வெட்டியதைக் காலம் திரும்ப ஒட்டியது. வாருங்கள், அந்தக் கதையைப் பார்ப்போம்.

ரோம் நகரத்துப் பையன்

கௌபாய் படங்களுக்குப் பேர் போன இந்த மனிதர் அமெரிக்கர் அல்ல. 1929 ஜனவரி 3-ம் தேதி இத்தாலியின் ரோம் நகரில் பிறந்தவர். அப்பா வின்சென்சோ லியோனி மௌனப்பட இயக்குநர். ரொபெர்டோ ரொபெர்டி என்ற புனைபெயரில் படம் எடுத்தவர். அம்மா நடிகை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரு பையனின் பெயர் என்னியோ மாரிக்கோனி. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்!

லியோனி எடுத்தவுடனே டைரக்டராகிவிடவில்லை. நாம் ஒர்க்‌ஷாப்பில் ஃபைலிங்கில் ஆரம்பிக்கிற மாதிரி அவர் உதவியாளராகத்தான் ஆரம்பித்தார். 1948-ல் வெளியான டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் இளம் பாதிரியார்களில் ஒருவராகத் தலை காட்டினார். அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாக மற்றவர்களிடம் வேலை. ரோமில் எடுக்கப்பட்ட 'குவோ வாடிஸ்', 'பென்ஹர்' போன்ற பிரம்மாண்டமான ஹாலிவுட் படங்களிலும் உதவியாளராக இருந்தார். ஆயிரக்கணக்கான ஆட்களை ஒரு மைதானத்தில் எப்படி நிறுத்துவது, எப்படி ஓட வைப்பது என்ற பாடமெல்லாம் அங்கே கற்றதுதான்.

1959-ல் 'பாம்பேயின் கடைசி நாட்கள்' படத்தை எடுத்துக்கொண்டிருந்த மரியோ பொன்னார்ட் நோய்வாய்ப்பட, மீதியை எடுத்து முடித்தவர் லியோனி. 1961-ல் 'தி கொலோசஸ் ஆஃப் ரோட்ஸ்' படத்தில்தான் இயக்குநர் என்ற இடத்தில் அவர் பெயர் வந்தது. அப்போது வயது 32. அரியர்ஸ் இருக்கே என்று கவலைப்படும் நண்பர்கள் இந்த வயதைக் கவனிக்கவும்!

காப்பி அடித்ததற்கு அபராதம்

1964-ல் வந்தது 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்'. பட்ஜெட் சுமார் 2 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. பெரிய நடிகர்கள் கிடைக்கவில்லை. அமெரிக்க டி.வி. தொடர் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் 15,000 டாலர் சம்பளத்துக்கு வந்தார். லியோனிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஈஸ்ட்வுட்டுக்கு இத்தாலியன் தெரியாது. படம் எடுத்த இடமோ ஸ்பெயின் நாடு! டைட்டிலில் லியோனி தன் பெயரை பாப் ராபர்ட்சன் என்று போட்டுக்கொண்டார். அமெரிக்கப் படம் போலத் தோன்ற வேண்டுமே! அந்தப் பெயருக்குள் அப்பாவின் புனைபெயரும் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா?

ஆனால் ஒரு தப்பு நடந்தது. படத்தின் கதை, ஜப்பானிய மேதை அகிரா குரோசாவா 1961-ல் எடுத்த 'யோஜிம்போ'வின் கதை. அனுமதி வாங்கவில்லை. வழக்கு வந்தது. உலக வசூலில் 15 சதவீதமும் ஜப்பான் முதலிய நாடுகளின் உரிமையும் ஜப்பான்காரர்களுக்குப் போனது. 1967 வரை அமெரிக்காவில் படம் வெளிவரவில்லை. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது!

கதை இரவல்தான். ஆனால் சொன்ன விதம் அவருடையது. புழுதி, வியர்வை, சவரம் செய்யாத முகம், நல்லவனா கெட்டவனா என்றே தெரியாத கதாநாயகன். கூடவே அந்தப் பள்ளித் தோழன் மாரிக்கோனியின் இசை. விசில், சாட்டைச் சத்தம், மின்சார கிதார்... கௌபாய் படத்துக்கு இப்படி ஓர் இசையை அதுவரை யாரும் போட்டதில்லை!

கொஞ்சம் டெக்னிக்கல்!

டிப்ளமோ மாணவர்களான நமக்கு இந்த இடம்தான் சுவாரஸ்யம்.

சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படச்சட்டத்தின் உயரம் பக்கவாட்டில் 4 துளைகள். டெக்னிகலர் கம்பெனியின் இத்தாலியக் கிளை 1960-களின் தொடக்கத்தில் டெக்னிஸ்கோப் என்ற முறையைக் கொண்டு வந்தது. அதில் ஒரு சட்டத்துக்கு 2 துளைகள் மட்டுமே. 1000 அடி ரோல் வழக்கமாக 11 நிமிடம் ஓடும். இதில் 22 நிமிடம் ஓடும். ஃபிலிம் செலவு பாதி! சட்டத்தின் உயரம் பாதியானதால் படம் தானாகவே அகலத் திரைக்கு ஏற்றதாகிவிடும். பிரிண்ட் போடும்போது பெரிதாக்கிக்கொள்வார்கள்.

ஃபிலிமை மிச்சப்படுத்த வந்த முறை இது. லியோனி இதையே தன் கலையாக மாற்றிக்கொண்டார். அகலத் திரைக்கென்று தனி லென்ஸ் தேவைப்படாமல் சாதாரண லென்ஸே போதுமானதால், முகத்துக்கு மிக அருகில் போய் எடுத்தாலும் படம் கூர்மையாக இருந்தது. திரை முழுவதும் ரெண்டு கண்கள், அடுத்த ஷாட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் பாலைவனம்! 1964-ல் தொடங்கி 1971 வரை அவர் எடுத்த ஐந்து படங்களும் இந்த முறையில்தான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. திரையில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 2.35. பழைய டி.வி. பெட்டியில் அது 4-க்கு 3, அதாவது 1.33. திரை முழுக்க நிரப்பணும்னா 1.33-ஐ 2.35-ஆல் வகுத்துப் பாருங்க. படத்தில் நூற்றுக்கு 57 பங்குதான் மிஞ்சும். 43 பங்கு காலி! கல்லறையில் நின்ற மூன்றாவது ஆள் அந்த 43-ல்தான் போய்விட்டான். என் மாமாவின் கேசட் மேல் தப்பில்லை. அந்தக் காலத்து வீடியோ கேசட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் வந்தன.

இடிந்த பாலம்

1966-ல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி' படத்தில் ஒரு பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படும். ஸ்பெயின் ராணுவத்தினர் உண்மையாகவே ஆற்றின் மேல் கட்டிக் கொடுத்த பாலம் அது. வெடிக்க வைக்கும் பொறுப்பு ராணுவ அதிகாரி ஒருவரிடம். படப்பிடிப்புக் குழுவில் ஒருவர் வேறு யாருக்கோ சொன்ன வார்த்தையை அவர் தனக்கான சிக்னல் என்று நினைத்துவிட்டார். பட்டனை அழுத்தினார். பாலம் தூள் தூள்! ஆனால் கேமரா ஓடவில்லை!

சிவில் நண்பர்களே, உங்கள் நெஞ்சு பதறுகிறதா? ராணுவம் அந்தப் பாலத்தை மறுபடியும் கட்டிக் கொடுத்தது. நாம் திரையில் பார்ப்பது இரண்டாவது பாலம். பாலம் கட்டுவதற்கு மட்டும் அல்ல, சிக்னல் கொடுப்பதற்கும் ஒரு முறை வேண்டும் என்பது அதில் உள்ள பாடம்.

அந்தக் கல்லறைத் தோட்டமும் ஸ்பெயின் ராணுவ வீரர்கள் அமைத்ததுதான். சுமார் 5,000 பொய்க் கல்லறைகள். படம் முடிந்ததும் புல் மூடிப் போனது. 2015-ல் தொடங்கி ரசிகர்கள் மண்வெட்டியோடு போய், புதைந்திருந்த கல்தளத்தைத் தோண்டி எடுத்து மீட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படம் பார்த்தவர்களின் அன்பு, ஒரு பள்ளத்தாக்கையே தோண்ட வைத்துவிட்டது!

கத்தரி விழுந்த கதை

1968-ல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்'. ஒரு ரயில் நிலையத்தில் மூன்று துப்பாக்கிக்காரர்கள் வண்டிக்காகக் காத்திருப்பதுதான் தொடக்கம். காற்றாடியின் கிறீச் சத்தம், தொப்பியில் சொட்டும் தண்ணீர், முகத்தில் உட்காரும் ஈ. பத்து நிமிடத்துக்கு இதுதான் இசை! மற்ற காட்சிகளுக்கான இசையை மாரிக்கோனி முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்திருந்தார். அதைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, அந்தத் தாளத்துக்கு நடிகர்களை நடக்க வைத்தார் லியோனி. ஐரோப்பாவில் படம் பிரமாதமாக ஓடியது. அமெரிக்காவிலோ மெதுவாகப் போகிறது என்று சுமார் 20 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள்.

அடுத்த அடி இதைவிடப் பெரியது. 1971-க்குப் பிறகு சில படங்களைத் தயாரித்தாலும், லியோனியின் மனசு முழுக்க ஒரே படத்தில் இருந்தது. 13 ஆண்டுக் காத்திருப்பு! 1984-ல் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா' கேன்ஸ் விழாவில் 229 நிமிடம் ஓடியது. ஒரு மனிதனின் இளமையும் முதுமையும் நினைவுகளாக முன்னும் பின்னும் வரும் கதை. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் அதை 139 நிமிடமாகச் சுருக்கினார்கள். போதாததற்கு, காட்சிகளைக் கால வரிசைப்படி அடுக்கியும் விட்டார்கள். ஒண்ணரை மணி நேரம் போனது மட்டும் அல்ல, கதையின் உயிரும் போனது. படம் அங்கே படுதோல்வி.

ராத்திரி பகலாக வரைந்த டிராயிங் ஷீட்டை யாரோ மேஜை சைஸுக்கு வெட்டிவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த மனிதருக்கு அதுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு படம் எடுக்கவே இல்லை. இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையைப் படமாக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். 1989 ஏப்ரல் 30-ம் தேதி ரோமில் மாரடைப்பு அவரைக் கொண்டு போனது. வயது 60.

வீட்டுக்கு வந்த மீதிப் படம்

இனிதான் நண்பர்களே, விஷயமே! படத்தின் அகலத்தை வெட்டிய அதே ஹோம் வீடியோதான், கத்தரி போட்ட நீளத்தைத் திருப்பிக் கொடுத்தது. தியேட்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனை காட்சி என்பது கணக்கு. வீட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அமெரிக்கத் தியேட்டர்களில் தோற்ற படத்தின் நீண்ட வடிவம் அங்கே கேசட்டில் வந்தது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். பிறகு டி.வி.டி. வந்தது. அகலமும் திரும்பியது.

'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி'யில் சர்வதேச வெளியீட்டுக்காக வெட்டப்பட்ட காட்சிகள் மீட்கப்பட்டு, 2004-ல் டி.வி.டி.யாக வந்தன. அந்தக் காட்சிகளுக்கு ஆங்கிலக் குரல் இல்லை. அதனால் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தங்கள் இளமைக்கால முகங்களுக்கு முதுமைக்காலக் குரல் கொடுத்தார்கள். மூன்றாமவர் லீ வான் க்ளீஃப் 1989-லேயே காலமாகிவிட்டதால் அவருக்கு வேறொருவர் பேசினார். 2012-ல் லியோனியின் பிள்ளைகளும் போலோன்யா திரைப்படக் காப்பகமும் மற்றவர்களும் சேர்ந்து, அவருடைய கடைசிப் படத்தை 251 நிமிடமாக மீட்டு, அதே கேன்ஸில் திரையிட்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? நாமும் நாளைக்கு ஏதோ ஒரு தொழிற்சாலையில், சைட்டில், ஆபீசில் வேலை செய்யப் போகிறவர்கள். நம்ம வேலையையும் நேரம் இல்லை, காசு இல்லை என்று யாராவது வெட்டத்தான் செய்வார்கள். அது நம் கையில் இல்லை. ஆனால் வெட்டியதை ஒருநாள் யாராவது திரும்ப ஒட்ட வேண்டும் என்றால், முதலில் அது முழுசாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? பாதி ஃபிலிமில் எடுத்தாலும் லியோனி பாதி வேலை செய்யவில்லை. அது மட்டும்தான் அவர் கையில் இருந்தது.

மாமாவின் கேசட்டை நான் தூக்கிப் போடவில்லை. டி.வி.டி.க்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் சனிக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் அறைக்கு வரலாம். ஒரே ஒரு கண்டிஷன்... மெதுவாகப் போகும் இடத்தில் யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு