கத்தி பட்ட விரலும் ஒரு டாக்டரின் கண்களும்!

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுடுச்சு. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கிறீங்க, ரத்தம் நின்னுடுது. அதே ரத்தம் உடம்புக்குள்ள நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கே... அங்கே ஏன் உறையறதில்லைன்னு யோசிச்சிருக்கீங்களா?

இந்தக் கேள்விக்கு வழி காட்டியவர், இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்ஸோஸெரோ. 1846-ல் வரேஸே நகரில் பிறந்தவர். 20 வயதில் பாவியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கமில்லோ கோல்ஜி இவரைவிட மூத்தவர். அவரே இவருடைய ஆய்வகத்தில்தான் மைக்ராஸ்கோப் வேலையைக் கற்றுக்கொண்டார்னா பார்த்துக்கோங்க!

ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு தவிர பொடிப்பொடியாகச் சில துகள்களும் தெரிந்தன. உடைந்த அணுக்களின் மிச்சம் என்று பலர் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். பிட்ஸோஸெரோ விடவில்லை. மயக்க மருந்து கொடுத்த கினிப் பன்றியின் குடல் சவ்வில், ஓடும் ரத்தத்தையே உற்றுப் பார்த்தார். அவை தனி அணுக்கள் என்று 1882-ல் அறிவித்தார். டெங்கு வந்தால் நாம் எண்ணிப் பார்க்கிறோமே, அதே பிளேட்லெட்தான்!

குழாய்ச் சுவரில் காயம் பட்டால், முதலில் அங்கே வந்து ஒட்டுவதும் பிளேட்லெட்தான் என்பதையும் கண்டார்.

அதற்கான காரணம் அவர் காலத்துக்குப் பிறகுதான் புரிந்தது. ரத்தக்குழாயின் உட்பக்கத்தில் ஒற்றை வரிசையாகச் செல்கள் பதிந்திருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் என்ற இரண்டு பொருள்களைச் சுரந்து, பிளேட்லெட்டைத் தட்டி எழுப்பும் சிக்னல்களை அடக்கி வைக்கின்றன. இதில் புரோஸ்டாசைக்ளினை இங்கிலாந்தில் ஜான் வேன், சால்வடோர் மொன்காடா குழுவினர் 1976-ல் கண்டுபிடித்தார்கள். காயம் பட்டால் அந்த இடத்தில் இந்தக் காவல் போய்விடும். செல்களுக்கு அடியில் இருக்கும் கொலாஜன் வெளியே தெரியும். பிளேட்லெட் அதில் ஒட்டி, விழித்துக்கொண்டு, ரசாயனங்களை விட்டு மற்ற பிளேட்லெட்டுகளையும் கூப்பிடும். அடைப்பு ரெடி!

இவ்வளவு பார்த்த கண்களுக்கே நோய் வந்ததுதான் கொடுமை. பிற்காலத்தில் பிட்ஸோஸெரோவால் மைக்ராஸ்கோப்பில் வேலை செய்ய முடியவில்லை. ஆனா, மனுஷன் சும்மா உட்காரலை. குடிநீர், மலேரியா, காசநோய் என்று மக்கள் சுகாதாரத்துக்காக உழைத்தார். செனட்டராகவும் இருந்தார். 1901-ல் டூரின் நகரில், 55 வயதில் நிமோனியாவால் இறந்தார்.

அவர் பார்த்ததில் உங்களுக்கும் ஒரு சேதி இருக்கு. புகை, கட்டுக்குள் வராத சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம்... மூன்றும் கைவைப்பது அந்த உட்சுவர் செல்கள் மேலதான். அவை பலவீனமானால், கத்தியே படாத இடத்திலும் பிளேட்லெட் ஒட்டத் தொடங்கும். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம்.

சுகர், பிரஷர் டெஸ்ட்டை ரொம்ப நாளா தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கீங்களா? இந்த வாரமே போயிட்டு வந்துடுங்க!