யார் இந்த மகதலேனா மரியாள்? ஈஸ்டர் செய்தியை முதலில் சொன்னவருக்கு நேர்ந்த அநியாயம்!

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் நாள் ஈஸ்டர். அந்தச் செய்தியை முதலில் சொன்னது யார் தெரியுமா? ஒரு பெண்!

கலிலேயா கடலோர ஊரான மகதலாவைச் சேர்ந்தவர் மரியாள். ஏழு பேய்களின் பிடியிலிருந்து இயேசு இவரை விடுவித்தார் என்கிறது லூக்கா நற்செய்தி. அதன்பிறகு சொந்தக் காசை செலவழித்து இயேசுவோடு ஊர் ஊராகப் போனார். சீடர்கள் சிதறி ஓடியபோதும் சிலுவை அருகே நின்றார்.

ஞாயிறு விடியுறதுக்கு முன்னாடியே கல்லறைக்குப் போனார். உடலைக் காணோம்! அழுதுகொண்டிருந்தவர், எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அது இயேசு எனத் தெரிந்தது. சீடர்களிடம் போய்ச் சொன்னார். ஆனால், அவர்கள் நம்பவில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம் பின்னால் நடந்தது. பைபிளில் பெயரே சொல்லப்படாத ஒரு பாவிப் பெண் வருகிறார். அவரும் மரியாளும் ஒருவரே என்று கி.பி. 591-ல் போப் முதலாம் கிரிகோரி பிரசங்கம் செய்தார். அவ்வளவுதான், 'திருந்திய விலைமாது' என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது.

1969-ல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் குழப்பத்தைச் சரிசெய்தது. 2016-ல் இவரது நினைவு நாளான ஜூலை 22, அப்போஸ்தலர்களின் விழாக்களுக்கு இணையாக உயர்த்தப்பட்டது.

மரியாள் மீதான பழி நீங்க 1,378 வருஷம் ஆச்சு!