மருத்துவத் துறவி மேரி குளோரி

பெங்களூரு மாநகரில் இன்று ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குப் புகலிடமாகத் திகழ்கிறது செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தியக் கத்தோலிக்க ஆயர்களின் பொறுப்பில் நடைபெறும் இதற்கு வித்திட்டவர் ஓர் அருட்சகோதரி. அவரே டாக்டர் மேரி குளோரி.

1887-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிறந்த மேரி, 1910-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நற்பெயரும் வருமானமும் தேடி வந்தன. 1915-இல் ஒரு சிறு நூலை வாசித்தார். இந்தியாவில் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கும் தாய்மாரும் பச்சிளங் குழந்தைகளும் சிகிச்சையின்றி மடிவதை அறிந்து உள்ளம் உருகினார்.

1920-இல் தாய்நாட்டைப் பிரிந்து குண்டூர் வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். துறவியர் மருத்துவத் தொழில் புரிய அன்றைய திருச்சபைச் சட்டம் இடந்தரவில்லை. எனவே பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதி பெற்றே பணியாற்றினார். அங்கிருந்த சிறு மருந்தகம், புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. ஊர்ப் பெண்களுக்குத் தாதிப் பயிற்சியும் அளித்தார்.

ஆயினும் ஒருவர் எத்தனை உயிர்களைக் காக்க இயலும்? மருத்துவர்களை உருவாக்கக் கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டுமெனக் கனவு கண்டார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைத்துச் சங்கம் நிறுவினார்.

1957-இல் புற்றுநோயின் கொடிய வேதனையைப் பொறுமையுடன் தாங்கி, பெங்களூரில் உயிர்நீத்தார். தம் கனவு நனவானதை அவர் காணவில்லை. 1963-இல் அதே நகரில் கல்லூரி தோன்றியது. 1975-இல் அதன் மருத்துவமனை திறக்கப்பட்டது. 2013-இல் திருச்சபை அவரை இறை ஊழியர் என அறிவித்தது.

அன்புத் தோழியரே! நாம் கற்கும் கல்வி நமக்கு மட்டுமா? பலனைத் தாம் காணாவிடினும் பிறர்க்காக உழைத்த அவர் வழியில் நாமும் நடப்போமாக!