இந்தியாவின் அங்கத்தினர் ஹென்றி பாஸெட்

தாதாபாய் நௌரோஜி 1892ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பார்லிமெண்டில் அங்கத்தினராய் அமர்ந்த செய்தியை நம்மவர் பலரும் அறிவர். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னதாகவே, அதே காமன்ஸ் சபையில் எழுந்து நின்று, இந்திய நாட்டு ஏழைக் குடியானவன் செலுத்தும் வரிப்பணம் எங்ஙனம் செலவாகின்றது என்று மந்திரிகளை விடாது வினவிய ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். அவர் இந்தியாவைக் கண்ணாற் கண்டவரல்லர். இங்குக் கண்ணாற் கண்டவரல்லர் என்றது வெறும் வழக்குமன்று. அவர் இரு கண்ணும் இழந்தவர். அவர்தாம் ஹென்றி பாஸெட் என்னும் பெரியார்.

இவர் 1833ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆம் தேதி சாலிஸ்பரி நகரிற் பிறந்தார். தந்தையார் முதலில் ஜவுளி வாணிகமும் பின்னர் வேளாண்மையும் செய்தவர். பாஸெட் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்று, 1856ஆம் ஆண்டுக் கணிதப் பரீட்சையில் ஏழாவதாகத் தேறி, டிரினிட்டி ஹால் என்னுங் கல்லூரியில் உபகார வேதனத்துடன் கூடிய பதவியும் பெற்றார். இளமை தொட்டே அவருடைய நாட்டம் பார்லிமெண்டின்மேற் சென்றது. அதற்குப் படியாக நியாய சாஸ்திரங் கற்கத் தொடங்கினார்.

இவ்வாறிருக்க, 1858ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17ஆம் தேதி, தந்தையும் மைந்தனும் ஹார்னம் குன்றில் வேட்டைக்குச் சென்றனர். தந்தையாருக்கு ஒரு கண்ணில் புரை படரத் தொடங்கியிருந்தது. பறந்தெழுந்த கௌதாரியை நோக்கி அவர் சுட்ட துப்பாக்கியின் சிறுகுண்டுகள் மகனுடைய கண்கள் இரண்டிலும் பாய்ந்தன. இருபத்தைந்து வயதிலே உலகம் அவருக்கு இருண்டது. தம் கையாலேயே மகன் கண்ணைப் போக்கிய தந்தையின் துயரம் சொல்லுந் தரத்ததன்று. அத்துயரத்தை ஆற்றுவதே மகனுக்கு முதற்கடமையாயிற்று. தம் வாழ்க்கை முன்போலவே நடக்கும் என்று அவர் அன்றே உறுதி கொண்டார். அவ்வாறே நடந்தும் காட்டினார். மீன் பிடித்தல், குதிரையேற்றம், பனிக்கட்டிமேற் சறுக்கி விளையாடுதல் ஆகிய ஒன்றையும் அவர் விட்டாரில்லை. கம்பெனியார் ஆட்சி நீங்கி இந்திய அரசாங்கம் இராணியார் கைக்கு மாறியதும் அவ்வாண்டே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1863ஆம் ஆண்டில் பொருளாதார நூல் ஒன்றை வெளியிட்டு, அவ்வாண்டே கேம்பிரிட்ஜில் அச்சாஸ்திரத்திற்குப் பேராசிரியரும் ஆனார். ஆயினும் சட்டசபை வாயில் எளிதில் திறந்திலது. கண்ணில்லாதவன் அங்கே என் செய்வான் என்று ஐயுற்றோர் பலர். ஒன்றன்பின் ஒன்றாக வந்த தோல்விகளுக்குப் பின், 1865ஆம் ஆண்டில் பிரைட்டன் நகரத்தார் அவரைத் தெரிந்தெடுத்தனர்.

இந்தியாவின் காரியங்கள் அக்காலத்துக் காமன்ஸ் சபையில் எந்நிலையில் இருந்தன என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். எந்த இலாகாவின் செலவுக்கும் சபையார் பணம் வாக்களித்தாலன்றி மந்திரி சம்பளம் பெறுதல் இயலாது. அதனால் ஆண்டுதோறும் அவர் சபையார் முன் நின்று கணக்குச் சொல்லியே தீரவேண்டும். இந்தியா மந்திரிக்கோ அவ்விடர் இல்லை. அவருடைய சம்பளமும் லண்டனிலுள்ள அவரது காரியாலயச் செலவும் இந்திய வருமானத்திலிருந்தே கொடுக்கப்பட்டன. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் இது மாறியது. ஆகவே இந்திய வரவுசெலவுக் கணக்கு, பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், அங்கத்தினர் பலரும் நாட்டுப்புறம் சென்றபின், காலி ஆசனங்களின் முன்னே வாசிக்கப்பட்டு வந்தது. கோடிக்கணக்கான மக்களின் வரிப்பணத்தைப்பற்றிக் கேட்க, எஞ்சிநின்றோர் சிலரே.

பாஸெட் இவ்விடத்தைத் தமக்கு உரியதாக்கிக்கொண்டார். அரசாங்க அறிக்கைகளையும் கணக்குகளையும் பிறர் வாசிக்கக் கேட்டு, இலக்கங்களை நெஞ்சிற் பதித்துக்கொண்டு, கையிற் குறிப்பொன்றும் இன்றியே சபையில் எழுந்து பேசுவார். காகிதத்தைப் பார்த்துப் பேசிய மந்திரிகள், காகிதம் பார்க்கவியலாத இவருக்கு விடையிறுக்க இடர்ப்பட்டனர்.

1867ஆம் ஆண்டு ஜூலை மாதம், துருக்கி சுல்தான் லண்டனுக்கு விஜயம் செய்தார். அவரை உபசரிக்க இந்தியா மந்திரியின் காரியாலயத்திலே பெரியதோர் நடன விருந்து நடைபெற்றது. அதன் செலவு இந்திய வருமானத்தின்மேல் எழுதப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஒரிஸா நாட்டிற் கொடும் பஞ்சம் தோன்றி, எண்ணிறந்த மக்கள் உணவின்றி மாண்டனர். உப்புக்கும் வரி கொடுத்தவனுக்கும் சுல்தானுடைய விருந்துக்கும் யாது சம்பந்தம்? பாஸெட் இதனைச் சபையிற் கிளப்பினார். தொகை பெரிதன்று, ஆனால் வழக்கம் தீயது என்பது அவர் கருத்து. அவ்வாண்டின் இறுதியில் அபிசீனியா யுத்தம் வந்தது. அங்கே சென்ற இந்தியப் படையின் வழக்கமான சம்பளத்தை இந்தியாவே தாங்கவேண்டும் என்று மந்திரிமார் கேட்டபொழுது, அதனை எதிர்த்து வாக்களித்த மிகச் சிலருள் இவரும் ஒருவர். இந்திய எல்லைக்கு அப்பால் நிகழும் யுத்தத்திற்கு இந்தியப் பணத்தை எடுக்கப் பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும் என 1858ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. அச்சம்மதம் பேருக்கு மாத்திரம் ஆகிவிடலாகாது என்று வாதாடியவர் இவரே.

அவர் தொடர்ந்து வற்புறுத்தியதன் பயனாய், இந்தியப் பொருள்நிலையை ஆராயும் குழு ஒன்று 1871ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்டு 1874 வரை நடைபெற்றது. அக்குழுவில் அமர்ந்து அவர் உத்தியோகஸ்தர்களை வினவிய திறம் வியக்கத்தக்கது. நேர் விடை வரும்வரையில் அவ்வினாவை வேறு வேறு சொற்களிற் கேட்பார். நௌரோஜி 1873ஆம் ஆண்டில் இந்தியாவின் வறுமையைக் குறித்து எழுதி அனுப்பியதும் இக்குழுவுக்கே. அந்நாட்களில் இந்தியா மந்திரி பிரபுக்கள் சபையைச் சேர்ந்தவராதலால், காமன்ஸ் சபையில் பாஸெட்டுக்கு விடை சொல்லும் பொறுப்பு உபமந்திரி கிராண்டு டப் என்பவருடையதாயிற்று. இவரே பின்னர் 1881 முதல் 1886 வரை நம் சென்னை இராஜதானியின் கவர்னராய் விளங்கியவர்.

இந்தியரும் நன்றி மறந்தாரல்லர். 1872ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கூட்டங்கூடி அவருக்கு உபசாரப் பத்திரம் அனுப்பினர். 1874ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரைட்டனில் அவர் தோல்வியுற்றதும், மற்றொரு தேர்தலின் செலவுக்காக இந்தியாவிலேயே பணந் திரட்டி அனுப்பினர். வாக்குரிமை ஒன்றும் இல்லாத மக்கள், ஆறாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு தேர்தலுக்குக் கைப்பொருள் ஈந்த இச்செய்தி என் மனத்தை மிகவும் உருக்குகின்றது. அவ்வாண்டே ஹாக்னி தொகுதியார் அவரை மீண்டும் சபைக்கு அனுப்பினர். 1875இல் வேல்ஸ் இளவரசரின் இந்திய யாத்திரைச் செலவையும், 1878இல் ஆப்கானிய யுத்தச் செலவையும் இந்தியாவின்மேற் சுமத்தலாகாது என்று அவர் வாதாடினார். வாக்கெடுப்பிற் பெரும்பாலும் தோற்றார். எனினும் இந்தியாவின் அங்கத்தினர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

அவர் குறையே இல்லாதவர் என்று யாம் கூறவில்லை. பெண் தொழிலாளரின் வேலை நேரத்தைச் சட்டத்தாற் குறைப்பதை அவர் எதிர்த்தார். இந்தியர் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்று கேட்டவரும் அல்லர். ஆளுவோர் நேர்மையாய்க் கணக்குக் காட்டவேண்டும் என்பதே அவர் கேட்டது. தம் நாட்டிலோ, ஏழைகளின் மாடு மேயும் பொது நிலங்களைச் செல்வர் வேலியிட்டு அடைக்க முயன்றதை 1869ஆம் ஆண்டு முதல் தடுத்து நின்றார். எப்பிங் காடு இன்றும் பொதுமக்களுக்கு உரியதாய் இருத்தற்கு உழைத்தோருள் அவரும் ஒருவர்.

1880ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் அவரைத் தபால் இலாகாவின் தலைவராக்கினார். வினவியவர் விடை கூறும் இடத்திற்கு வந்தார். அஞ்சல் தலைகளை ஒட்டிச் சிறுதொகை சேமிக்கும் முறையும், 1883இல் பார்சல் தபாலும் அவர் காலத்து ஏற்பாடுகள். 1884ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் தேதி, ஐம்பத்தொன்றாம் வயதில் கேம்பிரிட்ஜில் அவர் உயிர் நீத்தார். டிரம்பிங்டன் கோவில் முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மனைவியார் மில்லிசெண்ட் அம்மையார் பெண்களின் வாக்குரிமைக்காகப் பல்லாண்டு உழைத்து, 1928ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது ஆடவர்க்கு நிகராய்க் கிடைத்ததைக் கண்டபின், 1929இல் மறைந்தார். மகளார் பிலிப்பா 1890ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் ஆடவருள் முதல்வராய்த் தேறியவரினும் மேலான எண் பெற்றார்.