மருந்து தேடிய மாமனிதர்

நுழையும்முன்

மருந்தகத்தில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரையின் பின்னே பல்லாண்டுக் காலத் தேடல் மறைந்திருக்கிறது. அத்தேடலில் வெற்றியைவிடத் தோல்வியே மிகுதி. மாத்திரையின் பெயரை அறிந்த நாம், அதனைக் கண்டறிய உழைத்தவரின் பெயரைப் பெரும்பாலும் அறிவதில்லை. சென்னையில் மருத்துவம் பயின்று, கடல் கடந்து சென்று, உலக மக்களின் நோய் தீர்க்க உழைத்த ஓர் அறிவியலாளரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த அவ்வூர், இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. ஏழு பிள்ளைகள் கொண்ட அவருடைய குடும்பத்தை வறுமை வாட்டியது. மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற அவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேர்ச்சி பெற்றார். மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்தபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும் பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர்.

காந்தியடிகளின் அறைகூவலை ஏற்ற சுப்பாராவ், அறுவை மருத்துவ வகுப்பிற்கும் கதர் அங்கியே அணிந்து சென்றார். இதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். தேர்வை நன்கு எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை; அதனினும் குறைந்ததான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பின்னர், சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறியல் கற்பித்தார்.

இதற்கிடையே அவர் நெஞ்சை உலுக்கிய துயரம் ஒன்று நேர்ந்தது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் பலியாயினர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஈர்க்க இயலாமல், குருதி குன்றி, உடல் தேய்ந்து இறக்கச் செய்யும் நோய் அது. அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார். மருத்துவம் கற்றும் உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லையே என்னும் ஏக்கம், நோய்களுக்கு மருந்து காணும் வேட்கையாக மாறியது.

கடல் கடந்த பயணம்

மனைவியையும் தாயையும் பிரிந்து 1923ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார் சுப்பாராவ். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். பிழைப்பிற்காக மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளாக நோயாளிகளின் கழிவுக் கலங்களைத் துப்புரவு செய்தார். அவர் அயல்நாட்டில் இருந்தபோதே, தாயகத்தில் அவருடைய மகன் பச்சிளம் பருவத்தில் இறந்தான். அவர் மீண்டும் தாய்நாடு திரும்பவே இல்லை. கணவரை மறுபடி காணும் வாய்ப்பு மனைவி சேசகிரிக்குக் கிட்டவும் இல்லை. அவருடைய ஆராய்ச்சிக்கு அக்குடும்பம் தந்த விலை பெரிது.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்னும் பேராசிரியருடன் இணைந்து, குருதியிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அதனை ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே கற்கின்றனர். தசைகளின் இயக்கத்திற்கு உதவும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927இல் இருவரும் கண்டறிந்தனர். இத்தகைய சாதனைகளுக்குப் பின்னும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி வழங்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

தெரிந்து தெளிவோம்

உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனப்படுவது அடினோசின் டிரைபாஸ்பேட் (ஏ.டி.பி.). இதனை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமானும், அமெரிக்காவில் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தனித்தனியே கண்டறிந்தனர்.

சலித்தெடுக்கும் கலை

களத்துமேட்டில் பதரையும் மணியையும் முறத்தால் பிரிப்பதுபோல, எண்ணற்ற பொருள்களை ஒரே சோதனைக்கு உட்படுத்திப் பயனுள்ளதைப் பிரித்தெடுப்பதே மருந்து ஆராய்ச்சியின் முதற்படி. ஈரலில் குருதிச் சோகையைத் தீர்க்கும் சத்து ஒன்று உண்டு என்பதை அக்கால மருத்துவர்கள் அறிந்திருந்தனர். பம்பாயின் நெசவாலைகளில் பணியாற்றிய கருவுற்ற பெண்களின் சோகையை ஈஸ்ட் சாறு தீர்ப்பதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1931இல் வெளியிட்டார். ஆலைகள் நிறைந்த கோவைப் பகுதியினருக்கு அப்பெண்களின் வாழ்க்கை எளிதில் விளங்கும். ஆயினும் நோய் தீர்க்கும் அப்பொருள் எது என்பது புலப்படவில்லை.

அதனைக் கண்டறிய நுண்ணுயிர்களே துணைநின்றன. லாக்டோபேசில்லஸ் கேசி என்னும் நுண்ணுயிர், அச்சத்து இருந்தால் மட்டுமே செழித்து வளரும். ஈரற்சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்து, எக்கூற்றில் அது செழிக்கிறது என ஆய்வாளர்கள் நோக்கினர். இவ்வாறு படிப்படியாகத் தூய்மையாக்கிய பொருளே ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதனைச் செயற்கையாகவும் உருவாக்கினர். அவருடைய உடன்பிறந்தாரின் உயிரைப் பறித்த ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. சென்னையில் உள்ளத்தில் எழுந்த வேட்கைக்கு, இருபது ஆண்டுகளுக்குப் பின் பேர்ல் ரிவரில் விடை கிடைத்தது.

தோல்வி காட்டிய வழி

அக்காலத்தில் குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைக் காக்க மருந்தே இல்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், லெடர்லே அனுப்பிய ஃபோலிக் அமில வகைகளை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைவு பெற்றது. அத்தோல்வியே புதிய வினாவை எழுப்பியது. இச்சத்து புற்றணுக்களை வளர்க்கிறது எனில், இதனைத் தடுக்கும் பொருள் அவற்றை ஒடுக்கும் அன்றோ?

சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தின் மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி, அவ்விடத்தில் ஓர் அமினோ தொகுதியைப் பொருத்தினர். உருவத்தில் சத்தைப் போன்றும் செயலில் அதற்கு எதிராகவும் அமைந்த அப்பொருளே அமினோப்டெரின். 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேரின் நோய் தற்காலிகமாகத் தணிந்தது என 1948இல் ஃபார்பர் அறிவித்தார். அது முழுமையான குணம் அன்று. எனினும் மருந்தால் இந்நோயை அடக்க இயலும் என்பதற்கு அதுவே முதற்சான்று. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் பயன்படுகிறது.

யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுக்களை அழிக்கவும் அவருடைய ஆய்வகம் முனைந்தது. வேதிப்பொருள்களை, அத்தகைய புழுத்தொற்றுடைய பருத்தி எலிகளிடம் சோதித்து, டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்தை 1947இல் கண்டறிந்தனர். தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் பரவிய மாவட்டங்களில் அரசு வழங்கிய மாத்திரையும் இதுவே.

துடியலூர்த் தோட்டத்து மண்ணாயினும் அமெரிக்காவின் மிசௌரி வயல் மண்ணாயினும், கைப்பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில, பிற நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கும். லெடர்லேயில் பணியாற்றிய முதிய தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், பல ஊர்களின் மண்ணை வரவழைத்துச் சோதித்தார். மிசௌரி மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து பெற்ற ஆரியோமைசினே டெட்ராசைக்ளின் மருந்துக் குடும்பத்தின் முதல் உறுப்பினர்.

கணினி வழித் தேடல்

சுப்பாராவ் காலத்தில் மூலக்கூறு எங்குச் சென்று பொருந்துகிறது என்பதைக் காணும் வழி இல்லை. புரதங்களின் மடிப்புகளில் எவை இயலும், எவை இயலா எனக் காட்டும் வரைபடத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் குழுவினர் 1963இல் உருவாக்கினர். மெத்தோட்ரெக்சேட் தன் இலக்கான நொதியில் பொருந்தியிருக்கும் நிலையை எக்ஸ் கதிர் ஆய்வு 1977இல் காட்டியது. பூட்டைக் காணாமலே அக்குழுவினர் சாவி செய்திருந்தனர் என்பது அப்போது விளங்கியது. இன்று பூட்டின் வடிவைத் திரையில் கண்டு, அதற்குப் பொருந்தும் சாவிகளைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. ஆயினும் ஆய்வகச் சோதனையும் நோயாளிகளிடம் காணும் பயனுமே இறுதித் தீர்ப்பு வழங்குகின்றன.

புகழ் நாடாப் பெருவாழ்வு

1948 ஆகஸ்டு மாதத்தில், 53ஆம் வயதில், மாரடைப்பால் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். வாழ்நாளில் அவர் புகழைத் தேடவில்லை. தம் குழுவினரையே முன்னிறுத்தினார். அமெரிக்கக் குடியுரிமையையும் பெறவில்லை. அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. இருமுறை தேர்வில் தோற்ற மாணவர், உரிய பட்டம் மறுக்கப்பட்ட மருத்துவர், நிலையான பதவி கிட்டாத ஆய்வாளர் எனத் தடைகள் அவரைத் தொடர்ந்தன. ஒவ்வொரு தடையிலும் அவர் தம் தேடலை நிறுத்தாதிருந்ததன் பயனை, அவர் பெயரை அறியாத எண்ணற்ற நோயாளிகள் இன்றும் பெறுகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. கருவுற்ற பெண்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை வழங்கப்படுவதன் காரணத்தை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து எழுதுக.

2. ஆய்வில் நேர்ந்த தோல்வி புதிய மருந்திற்கு வழிவகுத்ததை இப்பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

3. கணினி இருக்கும்போது ஆய்வகச் சோதனை எதற்கு என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.